பழைய காரின் தகட்டைப் பெயிண்டுக்குத் தயார்செய்வது: முழுமையான வழிகாட்டி

என் 1977 மாடல் அம்பாசடரின் பானெட்டுக்கு முதல்முறை பெயிண்ட் அடித்தபோது, ஸ்பிரே கன்னைக் கீழே வைப்பதற்குள் கடுகளவு குழிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. ஒவ்வொரு குழியிலும் பெயிண்ட் விலகி அடியில் பிரைமர் தெரிந்தது. பெயிண்டைத் திட்டினேன், தின்னரைத் திட்டினேன், வெயிலையும் விடவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி நான் துடைத்த துணி. அந்தக் கதை 3-ஆம் படியில் வருகிறது.

அதற்குப் பிறகு நாலைந்து கார்களைத் தகடு வரை உரித்துவிட்டேன். கூட வேலை பழக வந்தவர்கள் எல்லாரும் தடுக்கிய இடம் ஒன்றுதான். துருவைப் பார்த்த உடனே கிரைண்டரை எடுத்துவிடுவார்கள். துரு கண்ணுக்குத் தெரியும். எண்ணெய், சிலிக்கோன், உப்பு மூன்றும் தெரியாது. அந்த மூன்றையும் எடுக்காமல் தேய்த்தால், தேய்த்த கீறலுக்குள்ளேயே அவற்றை அழுத்தி ஏற்றிவிடுகிறோம். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

இது அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி எஃகுத் தகட்டு வண்டிகளுக்கு. அலுமினியத் தகட்டுக்கு வேறு கணக்கு.

1. தொடங்கும் முன்: மாதம், இடம், சாமான்

முதலில் மாதத்தைப் பாருங்கள். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் தகட்டைத் திறக்கவே வேண்டாம். தை முதல் பங்குனி வரை வசதியான காலம்.

காரணம் காற்றிலுள்ள ஈரம். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரியில் இருக்கும் தகட்டைத் தொட்டால் அங்கே வியர்த்துவிடும். அப்படி வியர்க்கத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிநிலை; தகடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பொதுவான கணக்கு. இரவெல்லாம் ஷெட்டில் குளிர்ந்த தகடு காலை ஏழு மணிக்கு இதில் தேறாது. பிரைமர் அடிக்கும் நாளில் பத்து மணிக்கு மேல் தொடங்கி, மாலை நான்கிற்குள் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முழு வண்டியையும் ஒரே நேரத்தில் உரிக்காதீர்கள். இன்று ஒரு கதவு, அடுத்த வாரம் ஒரு மட்கார்டு என்று போனால் போதும்.

சாமான்களில் முதலில் வாங்க வேண்டியது கடைசியில் அடிக்கப்போகும் 2கே எபாக்ஸி பிரைமர், அதாவது ஹார்டனரைத் தனியாகக் கலந்து அடிக்கும் வகை. எத்தனை நம்பர் பேப்பரில் தேய்க்க வேண்டும், ஆசிட் பட்ட தகட்டில் அடிக்கலாமா, எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்த கோட் என்பதெல்லாம் அதைத் தயாரிக்கும் கம்பெனி தரும் டேட்டா ஷீட்டில்தான் இருக்கும். நான் இங்கே சொல்வதற்கும் அதில் உள்ளதற்கும் முரண் வந்தால் டேட்டா ஷீட் சொல்வதையே கேளுங்கள்.

மற்றவை: ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை, கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் வாக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர், பாத்திரம் கழுவும் லிக்விட், ஆப்பசோடா, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 10 லிட்டர், பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி, 80, 180, 320 நம்பர் பேப்பர்கள், ஒரு காந்தம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, வீட்டு ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர்.

ஷெட்டிலிருந்து வெளியேற்ற வேண்டியவையும் உண்டு. டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ், சிலிக்கோன் ஸ்பிரே எதுவும் அந்தக் கூரைக்கு அடியில் இருக்கக் கூடாது. பக்கத்தில் யாராவது ஒருமுறை அடித்தாலே காற்றில் வந்து தகட்டில் உட்கார்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையானால் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். வீட்டு போர்டிகோவில் வேலை என்றால் பூஜை விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்த பிறகுதான் மற்றது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலரத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். தூளுக்கான முகமூடி வேறு, ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி வேறு. மூக்கில் கட்டிய கைக்குட்டை இரண்டுக்கும் உதவாது.

2. தண்ணீர் படும் முன் தகட்டைப் படிப்பது

கழுவிவிட்டால் தடயமெல்லாம் போய்விடும். அதற்கு முன் ஒரு சாக்பீஸோடு வண்டியைச் சுற்றி வாருங்கள்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தகடு முழுக்க நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை இருக்கிறது. வாடகைக்கு ஓடிய அம்பாசடர்களில் விரல் தடிமனுக்குப் பட்டி பார்த்திருப்பதை நானே உடைத்து எடுத்திருக்கிறேன். அந்தப் பட்டிக்கு அடியில் துரு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி இருந்த தட்டில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஆசிட் வழிந்திருக்கிறது. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயிண்ட் சுருங்கியிருந்தால் பிரேக் ஆயில். கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவு, கண்ணாடி பீடிங்குக்கு அடியில், டிக்கியின் தரை ஆகிய இடங்களில் உப்பும் ஈரமும். பானெட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம் குங்குமக் கறை, பழைய ஸ்டிக்கரின் பசை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, அதனால்தான் சாக்பீஸில் எழுதச் சொல்கிறேன்.

3. முதலில் தண்ணீர், பிறகு சால்வென்ட், எமரி பேப்பர் இப்போது வேண்டாம்

உப்பும் ஆசிடும் தண்ணீரில் கரையும், சால்வென்டில் கரையாது. கிரீஸும் மெழுகும் இதற்கு நேர்மாறு. அதனால் இரண்டு சுற்று வேண்டும், அதில் தண்ணீர்ச் சுற்று முதலில்.

பேட்டரித் தட்டில் ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். நுரைத்தால் ஆசிட் இன்னும் இருக்கிறது. நுரைப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பூசிக் கழுவுங்கள். பிறகு பாத்திர லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முழுத் தகட்டையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பளபளப்புக்காக மெழுகு கலந்த கார் ஷாம்பு வேண்டாம்.

உலர்ந்ததும் சால்வென்ட். இதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றை நனைத்துத் தடவுகிறீர்கள், தகடு ஈரமாக இருக்கும்போதே அடுத்த உலர்ந்த துணியால் எடுக்கிறீர்கள். சால்வென்ட் செய்வது அழுக்கைக் கரைப்பது மட்டும். அதை வெளியே எடுப்பது இரண்டாவது துணி. ஒரே துணியால் துடைத்து அப்படியே காயவிட்டால், கரைந்த மெழுகு மெல்லிய படலமாக எல்லா இடத்துக்கும் பரவி உட்காரும். ஒரு தடவைக்கு ஒன்றரை அடிச் சதுரம் போதும். வெயிலில் சுட்ட தகட்டில் துடைப்பதற்குள் ஆவியாகிவிடும் என்பதால் நிழலில் செய்யுங்கள்.

சரி, துணிக்கு வருவோம். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கிலோ கணக்கில் வாங்குவது பனியன் வேஸ்ட். நானும் கலர் கலராக ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தேன், தொட்டால் பட்டுப்போல இருந்தது. பின்னலாடைத் துணிக்கு அந்த மென்மை வருவதற்குச் சிலிக்கோன் கலந்த சாஃப்ட்னர் போடும் வழக்கம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. சால்வென்டில் நனைத்ததும் அதுவே இறங்கிவந்து பானெட் முழுக்கப் பூசிக்கொண்டது. சந்தேகம் வந்தபின் ஒரு பழைய தகட்டில் பாதியை அந்தத் துணியாலும், பாதியைப் பலமுறை துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துண்டாலும் துடைத்துப் பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். பனியன் பக்கம் மட்டும் அம்மை போட்டது. பெயிண்டர்கள் இதை ஃபிஷ் ஐ என்பார்கள். சிலிக்கோன் இருக்கும் புள்ளியில் பெயிண்ட் பரவ மறுத்து ஒதுங்கிப் போகிறது, அவ்வளவுதான்.

வேட்டித் துண்டோ, பெயிண்ட் கடையில் விற்கும் நூல் உதிராத டிஷ்யூவோ எடுங்கள். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான திரவம் ஊற்றியிருக்கக் கூடாது. வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் எஞ்சின் கழுவத்தான். அவை ஆவியான பிறகும் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னர் பழைய பெயிண்டையே இளக்கி, அழுக்கோடு சேர்த்துக் குழப்பிவிடும்.

4. பழைய பெயிண்டையும் பட்டியையும் இறக்குவது

பெரிய சமதளப் பரப்புக்குப் பெயிண்ட் ரிமூவர் வேகமானது. ஆனால் அது ஆவியாகாமல் இருப்பதற்காக அதில் மெழுகு கலந்திருப்பார்கள். பெயிண்டைச் சுரண்டி எடுத்ததும் தகடு சுத்தமாகத் தெரியும், மேலே மெழுகுப் படலம் இருக்கும். அதனால் ரிமூவருக்குப் பிறகு 3-ஆம் படியின் இரண்டு சுற்றும் மறுபடி. நிறையப் பேர் விடுவது இதைத்தான்.

தகடும் தகடும் மடிந்து சேரும் இணைப்புகளில் ரிமூவர் இறங்கினால் வெளியே வராது. ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு நெடுக புதுப் பெயிண்டைத் தின்னும். விளிம்புக்கு இரண்டு அங்குலம் முன்பே நிறுத்தி, மீதியை 80 நம்பர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள்.

பழைய பட்டி முழுவதும் போக வேண்டும். கெட்டியாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாம் என்று தோன்றும். பட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது கெட்டியாக இருப்பதை வைத்து அடியில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

மணல் அடிக்கலாமா என்று கேட்பார்கள். சேஸிஸ், சஸ்பென்ஷன் உறுப்புகளுக்குச் சரி. கதவு, பானெட், கூரையில் அடித்தால் தகடு அலைபோல வளைந்துவிடும். டிங்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த வளைவை எடுப்பது பெரும்பாடு. கடற்கரை மணல் என்றால் உப்பையே ஊசி போட்டு ஏற்றியதற்குச் சமம். சிலிக்கா தூள் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

5. துரு

இப்போதுதான் கிரைண்டர்.

கம்பி கப் பிரஷ்ஷை நம்பாதீர்கள். அது துருவின் மேல்பகுதியை உதிர்த்துவிட்டு, மீதியை மெருகேற்றும். பார்க்கக் கறுத்த வெள்ளி மாதிரி மின்னும், தகடு என்றே நினைப்பீர்கள். 80 நம்பர் பேப்பரால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பழுப்புத் தூள் வந்தால் துரு அங்கேயே இருக்கிறது. உண்மையான எஃகு சாம்பல் வெள்ளையாக, கீறல் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கும்.

மேலோட்டமான துருவுக்கு 80-ல் தொடங்கி 180-ல் முடியுங்கள். ஊசியால் குத்தினால் இறங்குகிற இடத்தை வெட்டி எடுத்து வேறு தகடு பற்ற வைக்க வேண்டும். அதன்மேல் பட்டி போட்டு மூடுவது பணத்தைப் புதைப்பது. பற்றவைக்கும் முன் அந்த இடத்தைப் பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைக்கவே கூடாது. குளோரின் சார்ந்த கிளீனர்கள் வெல்டிங் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயுவாக மாறும்.

குழிக்குள் இருக்கும் துருவுக்குப் பேப்பர் எட்டாது. அங்கேதான் பாஸ்பாரிக் ஆசிட். பிரஷ்ஷால் தடவி, காயவிடாமல் ஈரமாகவே 10, 15 நிமிடம் வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் காயும் முன்பே நன்றாகக் கழுவிவிடுங்கள். காய்ந்துவிட்டால் சாம்பல் நிறப் படலம் பிடிக்கும். தண்ணீருக்கு அது அசையாது. அதே ஆசிடை மறுபடி தடவி இளக்கிய பிறகு கழுவினால் போகும். அந்தப் படலத்தின் மேல் எபாக்ஸி அடித்தால், எபாக்ஸியின் ஹார்டனர் ஆசிடோடு வினைபுரிந்து ஒழுங்காக இறுகாது. உங்கள் பிரைமரின் டேட்டா ஷீட் ஆசிடே கூடாது என்றால், ஊசியும் சிறிய பிரஷ்ஷும் பொறுமையும்தான் வழி.

பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் துரு நொடியில் போகும், அதனால்தான் ஆசை வரும். என்னிடம் வேலை பழகிய ஒரு பையன் நான் இல்லாத நேரத்தில் டிக்கித் தரையில் ஊற்றிவிட்டான். மறுநாள் காலை வந்து பார்த்தால் டிக்கித் தரை ஆரஞ்சு நிறம். அதுகூடப் பரவாயில்லை, பக்கத்துச் சுவரில் தொங்கிய ஸ்பேனர் செட் முழுக்கத் துரு. ‘அண்ணே, நான் அதைத் தொடவே இல்லையே’ என்றான். ஆவி தொட்டிருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். விட்டுப்போவது குளோரைடு, அதாவது கடல் உப்பில் இருக்கிற அதே சரக்கு.

6. உப்பு

எனக்கு அதிக நாள் புரியாமல் இருந்த படி இது. துருவை எடுத்த தகடு வெள்ளையாகத் தெரிகிறது, பிரைமர் பிடிக்கிறது, பெயிண்ட் மின்னுகிறது. ஒரு மழைக்காலம் போனதும் கொப்பளம். பெயிண்ட் படலம் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் ஈரத்தை மெல்ல உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். நீர் தேங்கி, படலத்தைத் தூக்கும்.

ஒரு கதவின் மேல்விளிம்பில் எனக்கு வரிசையாக, சரியாகச் சொட்டுச் சொட்டாகக் கொப்பளம் வந்தது. எங்கிருந்து என்று யோசித்து யோசித்து, கடைசியில் அதே இடத்தில் குனிந்து நின்று பார்த்தேன். என் நெற்றிக்கு நேர் கீழே. வியர்வை. அதிலிருந்து நெற்றியில் துண்டுக் கட்டு இல்லாமல் வெறும் தகட்டின் மேல் குனிவதில்லை. கையுறை போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

உப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒரு இரவு காத்திருப்பது. துருவை எடுத்த தகட்டை ஷெட்டுக்குள் அப்படியே விட்டு, காலையில் பாருங்கள். மேலோட்டமாக மெல்லிய பழுப்புப் படிவது இயல்பு. குழிகளில் மட்டும் கறுப்பாக, புள்ளி புள்ளியாகத் துரு திரும்பியிருந்தால் அங்கே உப்பு இருக்கிறது.

டிடிஎஸ் மீட்டரும் உதவும். கையுறை போட்டுக்கொண்டு, 20 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒரு எண் எடுங்கள். அதே அளவு புதுத் தண்ணீரிலும் புதுப் பஞ்சிலும் தகட்டின் ஓர் அடிச் சதுரத்தைத் துடைத்துப் பிழிந்து மறுபடி எடுங்கள். வித்தியாசம் தகட்டிலிருந்து வந்தது. பரிசோதனைக் கூடத்துத் துல்லியம் இருக்காது. ஆனால் கூரைத் தகட்டையும் கதவின் அடியையும் ஒப்பிட்டால் எங்கே இன்னும் கழுவ வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கழுவும் தண்ணீரைப் பாருங்கள். உப்புத்தண்ணி வரும் போர்வெல் உள்ள வீட்டில், கழுவக் கழுவ உப்பைப் பூசுகிறோம். கடைசி அலசல் கண்டிப்பாக டிஸ்டில்டு வாட்டரில். குழிகளில் நைலான் பிரஷ்ஷால் குத்திக் குத்திக் கழுவி, காற்றால் ஊதி, மறுபடி 180 நம்பர் பேப்பர். கறுப்புப் புள்ளி திரும்புவது நிற்கும்வரை இதையே செய்யுங்கள். மூன்று முறை கழுவிய தகடுகளும் உண்டு.

7. கடைசிச் சோதனை, கடைசித் துடைப்பு

புதுக் கையுறை மாட்டுங்கள். சின்ன ஸ்பிரே பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பித் தகட்டில் அடியுங்கள். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக நின்றால் எண்ணெய் இல்லை. தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாகச் சுருண்டால் அந்த இடத்தில் பிசுக்கு இருக்கிறது, 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். ஒரு எச்சரிக்கை: சோப்பு மிச்சம் இருந்தாலும் தண்ணீர் அழகாகப் பரவி உங்களை ஏமாற்றும். முழுக்க அலசிய பிறகு செய்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

தேறிவிட்டால் உடனே ஊதி உலர்த்துங்கள். இணைப்புகளில் ஹீட் கன்னை மெதுவாகக் காட்டி உள் ஈரத்தை வெளியேற்றுங்கள். சில நிமிடத்திலேயே மெல்லிய பழுப்பு படிந்தால் பதற வேண்டாம். 180-ல் ஒருமுறை தேய்த்து, தூளை ஊதி, இரண்டு துணி முறையில் சால்வென்ட் துடைப்பு. மடிப்புகளில் தங்கிய சால்வென்ட் ஆவியாக அரை மணி நேரம் விடுங்கள். இதற்குப் பிறகு ‘எப்படி வழவழன்னு இருக்கு பாரு’ என்று தடவ வருகிற நண்பர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

8. காற்றும் எபாக்ஸியும்

கம்ப்ரஸர் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, வெறும் காற்றை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு நிமிடம் அடியுங்கள். துளி மங்கல் தெரிந்தாலும் எண்ணெயோ தண்ணீரோ வருகிறது. ஃபில்டரைச் சரிசெய்யாமல் தொடராதீர்கள்.

எபாக்ஸியையும் ஹார்டனரையும் சொன்ன விகிதத்தில் கலந்து, காத்திருக்கச் சொன்ன நேரம் காத்திருங்கள். கண்பார்வைக்கு ஊற்றும் பழக்கம் இங்கே எடுபடாது. இணைப்புகளுக்கும் விளிம்புகளுக்கும் முதலில் சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிட்டு, பிறகு கன்னால் இரண்டு கோட். அன்றைக்குத் துடைத்த தகட்டை அன்றைக்கே மூடிவிட வேண்டும்.

9. பிரைமருக்குப் பிறகு

பட்டி இப்போது, எபாக்ஸியின் மேல். டேட்டா ஷீட் சொன்ன நேரம் தாண்டியிருந்தால் 320-ல் ஒருமுறை தேய்த்துவிட்டுப் பட்டி பாருங்கள். வெறும் தகட்டில் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நம்மூர் வழக்கம். இத்தனை பாடுபட்டு வெளியேற்றிய ஈரத்தைப் பட்டி மறுபடி குடித்து வைத்துக்கொள்ளும். பட்டியை உலரத்தான் தேய்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மேல் கோட்டில் இரண்டு குழி விழுந்தால், அதன்மேல் இன்னும் பெயிண்டைக் கொட்டாதீர்கள். ஃபிஷ் ஐ போக்க ஒரு சொட்டு விடு என்று விற்கும் மருந்தும் வேண்டாம். அதுவும் சிலிக்கோன்தான், கன்னுக்குள் புகுந்தால் அடுத்த வண்டிக்கும் சேர்த்து விதைக்கும். முழுக்க இறுகவிட்டு, முதலில் சால்வென்டால் துடைத்து, பிறகு தேய்த்து, மறுபடி துடைத்து அடியுங்கள். மேல் கோட் 2கே பாலியூரித்தேன் என்றால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை வசதியுள்ள பெயிண்ட் பூத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கதவுக்குள்ளும், கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) பகுதிக்குள்ளும் அடிக்கும் துருத்தடுப்பு மெழுகை முன்கூட்டியே அடிக்கும் ஆர்வக்கோளாறு பலருக்கு உண்டு. அது மேல் கோட் முழுக்க இறுகிய பிறகுதான். அடிக்கும் முன் கதவின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பிரைமரோ பட்டியோ அடைத்திருந்தால் அப்போதே குத்தித் திறந்துவிடுங்கள்.